பிரெஞ்சுக் குதிரைப் பந்தய மேசை விளையாட்டு: வாங்குவது முதல் ஓடவிடுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் செய்யப்பட்ட ‘ஜு த கூர்ஸ்’ என்னும் குதிரைப் பந்தய விளையாட்டு, மூடியிருக்கும்போது ஒரு சாதாரண மரப்பெட்டிதான். திறந்தால் பச்சை வண்ணத் தளமும், ஒரே மையத்தைச் சுற்றி அமைந்த வட்டப் பாதைகளில் நிற்கும் சிறிய ஈயக் குதிரைகளும், ஓரத்தில் ஒரு வெற்றிக் கம்பமும் தெரியும். பக்கவாட்டில் உள்ள நெம்புகோலையோ கயிற்றையோ இழுத்துவிட்டால் குதிரைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் புறப்பட்டு, சில சுற்றுகள் ஓடி, ஒவ்வொன்றாக வேகம் தளர்ந்து நிற்கும். கம்பத்துக்கு மிக அருகில் நின்ற குதிரைக்கே வெற்றி.

இந்த இயந்திரத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது உராய்வு ஒன்றுதான். எல்லாக் குதிரைகளுக்கும் கிடைப்பது ஒரே உந்துதல். எது எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது அச்சில் படிந்திருக்கும் எண்ணெய், தாங்குமிடங்களின் தேய்மானம், குதிரையின் எடை, பெட்டியின் சாய்வு ஆகியவையே. ஆகவே இதைத் துடைப்பதும் எண்ணெயிடுவதும் பழுது பார்ப்பதும் பந்தயத்தின் முடிவில் கைவைப்பதற்குச் சமம். அலமாரியில் அழகுக்காக வைக்கும் பொருளைப்போல நினைத்துப் பளபளப்பாக்கத் தொடங்குபவர்கள் கெடுத்துவிடுவது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான். கீழே சொல்லப்படும் படிகளின் வரிசையும் இதை மனத்தில் வைத்தே அமைந்தது.

பின்னணி

பாரிஸின் லோன்ஷான் பந்தயத் திடல் 1857-இல் திறக்கப்பட்டது. 1863-இல் ‘கிராண்ட் பிரீ த பாரி’ பந்தயம் தொடங்கியது. பந்தயம் கட்டியவர்களின் பணத்தை ஒரே நிதியாகத் திரட்டி, கழிவு போக வென்றவர்களுக்குப் பங்கிடும் ‘பாரி மியூச்சுவல்’ முறையை 1860-களில் ஜோசப் ஒல்லேர் உருவாக்கினார். பின்னாளில் ‘மூலான் ரூழ்’ அரங்கை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். 1891-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை முறைப்படுத்தியது. குதிரைப் பந்தயம் நகரத்து மக்களின் பேச்சில் இவ்வளவு இடம் பிடித்திருந்த காலத்தில், அதை மேசைமேல் நிகழ்த்திக் காட்டும் பெட்டிக்கு வாங்குவோர் இருந்ததில் வியப்பில்லை.

இதன் பெரிய உடன்பிறப்பு, கடற்கரை ஊர்களிலும் வெந்நீரூற்று ஊர்களிலும் இருந்த சூதாட்ட அரங்குகளில் ஓடிய ‘பெத்தி ஷெவோ’, அதாவது ‘சிறு குதிரைகள்’. பலகையில் வெட்டப்பட்ட வட்டப் பிளவுகளில் எண்ணிட்ட குதிரைகள் தனித்தனியே சுழலும் அமைப்பு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் இடத்தை, கிண்ணம் போன்ற மேசையில் பந்தை உருட்டும் ‘பூல்’ ஆட்டம் பிடித்துக்கொண்டது. வீட்டு அளவுப் பெட்டிகளோ அதன் பிறகும் வரவேற்பறைகளில் நிலைத்தன. இங்கிலாந்திலும் இத்தகையவை விற்றன; லண்டனின் விளையாட்டுப் பொருள் நிறுவனமான எஃப். எச். ஏயர்ஸ் பெயரில் வந்த பெட்டிகளை ஏலங்களில் காணலாம்.

ஆங்கிலேயக் குடும்பங்களில் பரவலாக இருந்த ‘எஸ்கலாடோ’ வேறு வகை. 1929 வாக்கில் சாட் வேலி நிறுவனம் வெளியிட்ட அந்த விளையாட்டில், மேசைமேல் இழுத்துக் கட்டிய துணிப் பாதையைக் கைப்பிடியால் அதிரச் செய்து குதிரைகளை முன்னேற்றுவார்கள். ஈயக் குதிரைகளைப் பற்றி இங்கே சொல்வது அதற்கும் பொருந்தும். இயந்திரத்தைப் பற்றிச் சொல்வது பொருந்தாது.

முதற்படி: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இயந்திரம் ஓடும் காணொளி ஒன்றை. படத்தில் எல்லாக் குதிரைகளும் அழகாகத்தான் நிற்கும். காணொளியில்தான் ஒரு குதிரை அசையாமல் நிற்பதும், இரண்டு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே சுற்றுவதும், நெம்புகோல் தன் இடத்துக்குத் திரும்பாமல் தொங்குவதும் தெரியவரும். ஓடாத இயந்திரத்தை வாங்கக் கூடாது என்பதில்லை. காய்ந்த எண்ணெயால் நின்றுபோனவை எளிதில் உயிர்பெறும். ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும்.

அடுத்தது, அது உண்மையிலேயே பழையதா என்பது. இவற்றுக்கு நவீன நகல்கள் உண்டு. திருகாணிகளைப் பாருங்கள். கூட்டல் குறி போன்ற வெட்டுடைய ‘பிலிப்ஸ்’ திருகாணி 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே அது இருந்தால் ஒன்று பெட்டி புதியது, அல்லது யாரோ பின்னால் திறந்து மாற்றியிருக்கிறார்கள். அடிப்பலகை மரத்தூள் அட்டையாக இருந்தால் மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை. தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதும் பேசும்: விரல் படும் நெம்புகோலிலும் மூடியின் முன்விளிம்பிலும் தேய்ந்து, விரல் எட்டாத மூலையில் வண்ணம் புதிதாக இருப்பதே இயல்பு. எல்லா இடத்திலும் ஒரே அளவில் ‘பழமை’ படிந்திருந்தால் அது பூசப்பட்ட பழமை.

கைப்பிடிக் குமிழ் வெளிறிய நிறத்தில் இருந்தால் அது எலும்பா, தந்தமா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தே தீர வேண்டும். எலும்பில் இரத்தக் குழாய்கள் சென்ற தடங்கள் கருநிறப் புள்ளிகளாகவும் சிறு கோடுகளாகவும் தெரியும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடை செய்துள்ளன. பிரிட்டனிலும் 2018-ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்திருக்கிறது. பெட்டி நூறாண்டுப் பழமையானது என்ற வாதம் சுங்கத் துறையிடம் எடுபடும் என்று நம்பிப் பணத்தை அனுப்ப வேண்டாம். தந்தம் என்ற ஐயம் எழுந்தால் விலகிவிடுவதே நல்லது.

பொதி கட்டும்போது ஒவ்வொரு குதிரைக்கும் அடியிலும் இருபுறமும் அமிலமற்ற மெல்லிய தாளைச் சுருட்டிச் செருகும்படி விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். குதிரைகள் சுழலும் நிலையில் அனுப்பப்பட்ட பெட்டி வழியில் தானாகவே பந்தயம் ஓடி, கால்களை உடைத்துக்கொண்டுதான் வந்து சேரும்.

இரண்டாம் படி: தொடும் முன் பதிவு செய்தல்

பெட்டி வந்தவுடன் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்குவதற்கு முன்பு, உறுதியான மேசையில் வைத்து, கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டத்தால் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் சமமாக்குங்கள். இது சடங்கு அன்று. குதிரை ஒரு கையின் நுனியில் இருக்கிறது. கையின் மறுபுறம் எதிர்எடை இல்லாவிட்டால், தளம் சற்றே சாய்ந்திருந்தாலும் வேகம் குறையும் நேரத்தில் குதிரை தாழ்ந்த பக்கம் நோக்கி இழுக்கப்படும். வெற்றிக் கம்பம் அந்தத் தாழ்ந்த பக்கத்தில் அமைந்துவிட்டால், நன்றாக எண்ணெயிட்ட குதிரையே மீண்டும் மீண்டும் வெல்லும். இயந்திரத்தில் கோளாறு என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி மேசையின் கோளாறுதான்.

சமமாக்கிய பின், எல்லாக் கோணங்களிலும் படம் எடுங்கள். எந்த வண்ணச் சட்டை அணிந்த வீரன் எந்த வட்டத்தில் இருக்கிறான் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். இயந்திரம் ஓடுமானால் சில பந்தயங்களை ஓடவிட்டு, ஒவ்வொரு குதிரையும் சுற்றிய சுற்றுகளைக் குறியுங்கள். பின்னால் செய்யும் வேலை உதவியதா, கெடுத்ததா என்று சொல்ல இந்தக் குறிப்பைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

மூன்றாம் படி: அடிப்பலகையைத் திறத்தல்

குதிரைகள் தளத்தில் மோதாதவாறு பெட்டியின் விளிம்புகளுக்கு மெத்தென்ற முட்டுக் கொடுத்துக் கவிழ்த்து, அடிப்பலகையின் திருகாணிகளைக் கழற்றுங்கள். திருப்புளியின் அலகு திருகாணியின் வெட்டில் முழு அகலத்துக்கும் பொருந்த வேண்டும்; சிறிய அலகால் முறுக்கினால் பித்தளைத் தலை சிதைந்துவிடும். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும், அது இருந்த துளையை வரைந்த அட்டையில் அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

உள்ளே அமைப்பு செய்தவருக்குச் செய்தவர் மாறுபடும், அடிப்படை ஒன்றே. நிலையான நடு அச்சு ஒன்று நிற்கும். அதில் இட்லித் தட்டுகளை அடுக்கியதுபோல, குதிரைக்கு ஒன்றாக வட்டுகளோ குழல்களோ கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பிக் கை புறப்பட்டுத் தன் குதிரையைத் தாங்கும். நெம்புகோல் இழுக்கப்படும்போது, பல்சக்கரமோ கயிறு சுற்றிய உருளையோ எல்லா வட்டுகளையும் சேர்த்து உந்திவிட்டு விலகிக்கொள்ளும். அதன்பின் ஒவ்வொரு வட்டும் தனித்துச் சுழலும். வெளிவட்டக் குதிரையின் கை நீளமானது. சுழற்சி நிலைமம், அதாவது சுழலும் பொருள் வேகம் மாற மறுக்கும் தன்மை, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், அது உள்வட்டக் குதிரையைவிட மெதுவாகவே வேகம் இழக்கும். இதனால் வெளிக்குதிரைக்கு நன்மை என்று நினைத்துவிடக் கூடாது. கம்பத்துக்கு அருகில் நிற்பதுதான் வெற்றி. அதிகச் சுற்று ஓடுவது அன்று. இந்த விதி இருப்பதால்தான், தேய்மானத்தில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட வட்டுகளை வைத்துக்கொண்டும் நூறாண்டுக்குப் பிறகு நியாயமான பந்தயம் நடத்த முடிகிறது.

இயந்திரம் ஓரளவு ஓடுகிறதென்றால் வட்டு அடுக்கை அச்சிலிருந்து உருவ வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல ஆண்டுகள் தேய்ந்து பழகியவற்றைக் கலைத்துவிட்டால் பழைய நிலை திரும்பாது. வரிசை மாறிவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது.

நான்காம் படி: பழைய எண்ணெயை நீக்குதல்

நின்றுபோன இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் இதுதான்: காய்ந்து பிசினான எண்ணெயும் அதில் ஒட்டிய தூசியும். காது குடையும் பஞ்சுக்குச்சியை மினரல் டர்பன்டைனில் லேசாக நனைத்து, பிழிந்து, அச்சிலும் வட்டுகளின் விளிம்பிலும் மட்டும் தடவுங்கள். பஞ்சு பழுப்பேறியதும் எறிந்துவிட்டுப் புதிய குச்சி எடுங்கள். திரவத்தை ஊற்றக் கூடாது. அது கசிந்து மேல்தளத்து வண்ணத்தைத் தொட்டால் வண்ணம் இளகிவிடும். சன்னலைத் திறந்து வைத்து, அடுப்போ விளக்கோ அருகில் இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள்.

ஒரு வட்டு இறுகிப் பிடித்திருந்தால் குதிரையைப் பிடித்துத் திருப்பவே கூடாது. கை வளையும், இல்லையேல் குதிரையின் கால் ஒடியும். வட்டின் மையத்துக்கு அருகில் விரல் வைத்து, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்து, ஒரு நாள் விட்டு மறுநாள் தொடருங்கள்.

சுத்தமான பின் எண்ணெய் தேவையா என்பதை இயந்திரமே சொல்லும். சீராகச் சுழன்றால் உலர்ந்த நிலையிலேயே விட்டுவிடலாம். கிரீச்சிட்டால், கடிகார எண்ணெயோ, கிடைக்காவிட்டால் தெளிந்த தையல் இயந்திர எண்ணெயோ, ஊசி முனையில் தொட்டு ஒவ்வொரு தாங்குமிடத்துக்கும் ஒரே அளவாக வைக்க வேண்டும். ஒரு குதிரைக்கு மட்டும் எண்ணெய் வைப்பது அதற்குச் சலுகை காட்டுவதாகும். நம் வீடுகளில் கீல் முதல் பூட்டு வரை எல்லாவற்றுக்கும் கை நீளும் தேங்காய் எண்ணெயை இங்கே மறந்துவிடுங்கள். ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும் அது, குளிரூட்டிய அறையில் குதிரைகளைக் கட்டிப்போட்டுவிடும். தெளிப்பான் டப்பாவில் வரும் துரு நீக்கிகளும் வேண்டாம். அவை எங்கே பரவும் என்பது நம் கையில் இல்லை.

ஐந்தாம் படி: குதிரைகள்

குதிரைகளும் வீரர்களும் ஈயக் கலவையில் வார்த்தவை. மேல் பூசிய வண்ணத்திலும் ஈயம் இருக்கக்கூடும். உப்புத்தாளால் தேய்ப்பதும், உலர்ந்த தூரிகையால் தூசி பறக்கத் துடைப்பதும் கூடாது. கையுறை அணியுங்கள், வேலை செய்யும் மேசையில் எதையும் உண்ணாதீர்கள், முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள். சிறு குழந்தைகளுக்கு இது விளையாட்டுப் பொருள் அன்று. அவர்கள் பார்க்கலாம், தொட வேண்டாம்.

வடிநீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் மறைவான ஓர் இடத்தை, வயிற்றின் அடிப்பகுதியை, முதலில் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் அழுக்கு மட்டும் வந்தால் தொடரலாம். வீரனின் சட்டை நிறம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். மேற்பரப்பில் வெண்பொடி பூத்திருந்தால் அது ஈயத்தின் அரிப்பு. மரத்திலிருந்து, குறிப்பாக ஓக் மரத்திலிருந்து, வெளிவரும் அசெட்டிக் அமில ஆவியால் இது உண்டாகும். ஈரப் பஞ்சால் பொடியை எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினாலன்றி அது திரும்பத் திரும்ப வரும்.

வளைந்த காலை நிமிர்த்தும் ஆசை எல்லாருக்கும் வரும். ஈயம் வளைந்து கொடுப்பதுபோல் தோன்றினாலும், பழைய வார்ப்பில் மறைந்திருக்கும் விரிசல் இரண்டாம் முறை வளைக்கும்போது முறிந்துவிடும். ஓட்டத்துக்கு இடையூறு செய்யாத கோணல் அப்படியே இருக்கட்டும். ஒடிந்துவிட்ட காலைப் பற்றவைப்புக் கோலால் ஒட்ட முயல்வது ஆபத்து: வழக்கமான ஈயம்-வெள்ளீயப் பற்றாசு 183 பாகையில் இளகத் தொடங்கும், தூய ஈயம் 327 பாகையில் உருகும், கலவையாகிவிட்ட ஈயம் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே உருகும்; கோலின் முனையோ அதற்கும் மேலான சூட்டில் இருக்கும். கால் ஒட்டும் முன் குதிரை உருகிவிடும். இருபுறமும் நுண்ணிய துளையிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியைச் செருகி, எபாக்சிப் பசையால் ஒட்டுவதே பாதுகாப்பான வழி. துளையிடும்போது உதிரும் ஈயத் துகளை ஈரத் தாளில் பிடித்து அப்புறப்படுத்துங்கள்.

புது வண்ணம் பூசுவது பற்றி என் கருத்து திட்டவட்டமானது: வேண்டாம். பாதி உதிர்ந்த சிவப்புச் சட்டைதான் அந்தக் குதிரையின் வரலாறு. புதுப்பூச்சு விலையையும் குறைக்கும், எடையையும் மாற்றும்.

ஆறாம் படி: பெட்டி

இது சுருக்கமான வேலை. பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஆல்கஹாலில் கரைத்துப் பூசுவது. அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. ஆல்கஹாலில் கரைந்தது ஆல்கஹாலில் மீண்டும் கரையும் என்பதால், கைகழுவும் சானிடைசரையோ ஸ்பிரிட்டையோ அதன்மேல் படவிடாதீர்கள். ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, உலரவிட்டு, தேன்மெழுகை மிக மெல்லிதாகத் தடவித் தேய்த்தால் போதும். பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய பகுதியில் அந்துப்பூச்சி அரித்த துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வலைத்துணி கட்டிய தூசி உறிஞ்சியால் குறைந்த விசையில் முட்டைகளையும் புழுக்களையும் எடுங்கள்.

ஏழாம் படி: நியாயத்தைச் சோதித்தல்

ஆறு குதிரைகள் உள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். குதிரைகள் அனைத்தையும் கம்பத்தின் நேரே நிறுத்தி, நெம்புகோலை முழுவதுமாக இழுத்து விட்டு, 120 பந்தயங்கள் ஓட்டி வெற்றிகளை எண்ணுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. எல்லாம் சமமெனில் ஒவ்வொன்றும் சுமார் 20 முறை வெல்ல வேண்டும். தற்செயலால் மட்டுமே 12 முதல் 28 வரை மாறுபடுவது இயல்பு. உறுதியாக அறிய, ஒவ்வொரு குதிரையின் வெற்றி எண்ணிக்கையிலிருந்து 20-ஐக் கழித்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி (வர்க்கமாக்கி), எல்லாவற்றையும் கூட்டி 20-ஆல் வகுங்கள். விடை 11.07-ஐத் தாண்டினால் இயந்திரம் சில குதிரைகளுக்குச் சாதகமாக ஓடுகிறது என்று ஐயப்படலாம்.

எடுத்துக்காட்டாக வெற்றிகள் 35, 17, 16, 19, 15, 18 என வந்தால், வித்தியாசங்களின் வர்க்கங்கள் 225, 9, 16, 1, 25, 4; கூட்டினால் 280; 20-ஆல் வகுத்தால் 14. முதல் குதிரையைக் கவனிக்க வேண்டும். உடனே எண்ணெய்ப் புட்டியைத் தேடாதீர்கள். முதலில் பெட்டியை 180 பாகை திருப்பி வைத்துச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். அந்தச் சாதகம் மறைந்தால் குற்றம் மேசைமேல். மறையாவிட்டால் அந்த வட்டின் தாங்குமிடத்தில் அழுக்கு மிச்சம் இருக்கிறது, அல்லது அதன் கை தளத்தில் உரசுகிறது. கடைசியாக ஐயப்பட வேண்டியது இழுப்பவரின் கை. ஒரே அளவு விசையில் பழகிப்போன கை, ஒரே மாதிரியான முடிவுகளைத் தரக்கூடும். ஆகவே விளையாடும்போது நெம்புகோலை ஆட்டத்துக்கு ஒருவராக மாற்றி இழுக்க வேண்டும்.

எட்டாம் படி: விளையாடும் முறை

தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: கம்பத்தைத் தாண்டி நின்ற குதிரையும் கணக்கில் வருமா, கம்பத்தை எட்டாமல் நின்றது மட்டுமா? முதலாவது முறையையே பரிந்துரைப்பேன். அளப்பது தூரத்தை அன்று, கோணத்தை: மையத்திலிருந்து கம்பம் வரை ஒரு நூலைப் பிடித்து, அதற்கும் குதிரையின் கைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். வெறுங்கண்ணால் தூரத்தை அளந்தால், குறுகிய உள்வட்டத்துக் குதிரை எப்போதும் அருகில் இருப்பதாகத் தோன்றும்.

பணயம் பணமாக இருக்கத் தேவையில்லை. புளியங்கொட்டையோ சோழியோ போதும். ஒல்லேரின் முறைப்படி எல்லார் பணயத்தையும் ஒரே கிண்ணத்தில் சேர்த்து, வென்ற குதிரைமேல் கட்டியவர்கள் கட்டிய அளவுக்கேற்பப் பங்கிட்டுக்கொள்வது வீட்டுக்கு ஏற்றது. யாரும் வங்கியாக இருந்து நட்டப்பட வேண்டியதில்லை. அரங்குகளில் நடந்தது வேறு. பூல் ஆட்டத்தில் 9 எண்களில் ஒன்றின்மேல் கட்டி வென்றால் கட்டியதுபோல் 7 மடங்கு கிடைக்கும், கட்டியதும் திரும்பும். சராசரியாக 9 ஆட்டத்தில் 9 காசு வைத்து 8 காசு பெறுகிறோம். மீதி ஒரு காசு, அதாவது 11 விழுக்காட்டுக்கும் மேல், அரங்குக்குப் போகிறது.

உண்மையான பணத்தைக் கட்ட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழ்நாடு குதிரைப் பந்தயங்களைத் தடை செய்ய முற்பட்ட வழக்கில், குதிரைப் பந்தயம் பெருமளவு திறன் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அங்கே கருதப்பட்டது குதிரையின் வளர்ப்பும் பயிற்சியும் ஓட்டுபவரின் திறமையும். ஈயக் குதிரைக்கு இவை எதுவும் இல்லை. மேசைமேல் ஓடுவது கலப்பற்ற தற்செயல்; அந்தத் தீர்ப்பின் நிழலில் இது ஒதுங்க முடியாது.

வைத்துப் பாதுகாத்தல்

விளையாடி முடித்ததும் நெம்புகோலைத் தளர்ந்த நிலையில் விடுங்கள். இழுபட்ட நிலையில் மாதக்கணக்கில் வைத்தால் சுருள்வில் வலுவிழக்கும். குதிரைகளுக்கு இடையே தாளைச் செருகி, சன்னல் வெயில் படாத, காற்று ஓடும் அலமாரியில் வையுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் பெட்டிக்குள் ஒரு சிறு சிலிக்கா ஜெல் பை போட்டு, மழைக்காலத்தில் அதை அடிக்கடி மாற்றுங்கள். புதிதாக வண்ணம் அடித்த அலமாரியும், ஓக் மரப்பெட்டியும், காற்றுப்புகாத நெகிழிப் பையும் ஈயத்துக்கு ஆகாதவை. ஆண்டுக்கு இருமுறையாவது திறந்து சில பந்தயங்கள் ஓடவிட்டு, குதிரைகளின் வயிற்றுப் பகுதியில் வெண்பொடி தலைகாட்டுகிறதா என்று டார்ச் விளக்கில் பார்த்து, சுற்றுக் கணக்கைப் பழைய குறிப்புக்குக் கீழே தேதியிட்டு எழுதி வையுங்கள்.